கோர்ட் கலையும் வரை

அவர் யாரிடமும் முதலில் பெயர் கேட்டு நான் பார்த்ததில்லை. என்ன கேஸ் என்றும் கேட்கமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்பார். அடுத்தது, "ஊருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு?" நாம் சொல்லும் நேரத்தைக் கேஸ் கட்டின் மேலட்டையில், வழக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பெரம்பலூரில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். பெரிய வக்கீல் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று சிவில் கோர்ட்டிலேயே கிடப்பார். கிரிமினல் பக்கம் வரும் சில்லறைக் கேஸ்களை எல்லாம் இவர் தலையில் கட்டியிருந்தார். கறுப்புக் கோட்டு போட்ட ஜூனியர் ஒருவர் ஒப்புக்கு நிற்பார், பேச்செல்லாம் குமாஸ்தாவுடையது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அவர் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பிள்ளைகள் நல்ல மாதிரி, போகட்டும்.

அவருக்கு மனப்பாடமான பஸ் நேரம் டிப்போக்காரர்களுக்கே தெரியாது. வேப்பந்தட்டை வழியாகப் போகும் மினி பஸ் எந்தெந்தக் கிழமையில் வராது, லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் போகிற டவுன் பஸ் எந்த முக்கில் நின்று ஆள் ஏற்றும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஒருநாள் நிறைமாதக்காரி ஒருத்தி கேஸுக்கு வந்திருந்தாள். கோர்ட் முடியத் தாமதமாகிவிட்டது. முட்டிவலியோடு இந்த மனுஷன் வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்க் கண்டக்டர் கையைப் பிடித்து, "அஞ்சு நிமிசம்ப்பா, புள்ளத்தாச்சி வருது" என்று வண்டியை நிறுத்தி வைத்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் திரும்பினார். இதை நான் கண்ணால் பார்த்தேன். அவரைத் திட்டித்தான் இதை எழுதுகிறேன், ஆனாலும் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அவரிடம் அதிகமும் வந்தவை, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாகப் போடும் கேஸ்கள். சர்வேயர் அளக்க வந்தபோது குறுக்கே நின்றது, தாசில்தார் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தது, ஊருக்குள் நிற்காத பஸ்ஸை மறித்தது. எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது இதில் மாட்டியிருப்பார்கள். அப்போது அதற்கு முந்நூற்று ஐம்பத்து மூன்று என்று பெயர். இப்போது சட்டத்தில் எண்ணை மாற்றிவிட்டார்கள். முடிகிற விதம் மட்டும் மாறவில்லை.

அந்த விதத்தை அவர் வேப்பமரத்தடியில் நின்று விரல் மடக்கிச் சொல்லுவார். "இந்த கேஸு நாலு வழியிலதான் முடியும். ஒண்ணு, நீங்க தடுத்த ஆபீசரு மாத்தலாயிப் போயிடுவாரு, சம்மன் அவரத் தேடிக்கிட்டே அலையும். ரெண்டு, அவரே வந்து நின்னு, யாரு தடுத்தாங்கன்னு ஞாபகம் இல்லீங்கன்னுடுவாரு. மூணு, தேர்தல் வந்து புது கவர்மெண்டு போராட்ட கேஸயெல்லாம் வாபஸ் வாங்கும். இந்த மூணுக்கும் வருசக்கணக்குல காத்துக் கெடக்கணும். நாலாவது, ஒத்துக்கிட்டு, அபராதத்தக் கட்டிட்டு, கோர்ட்டு கலையிற வரைக்கும் உள்ள உக்காந்துட்டு, சாயங்காலம் பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டே இருக்கலாம்."

நாலாவது விரலை மடக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்த நிம்மதி ஒட்டிக்கொள்ளும். யாராவது தயங்கினால், "ஜெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காந்து எந்திரிச்சதுதான்" என்பார்.

உக்காந்து எந்திரிச்சதுதான். இந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், கூண்டில் ஏறினார். நீதிபதி அம்மா, "ஜீப்ப மறிச்சீங்களா பெரியவரே?" என்று கேட்டார். பெரியவர் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்து, "மறிச்சேனுங்களா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மாவுக்குக் கோபம் வந்து, "அவரக் கேக்கல, உங்களத்தான் கேக்கறேன்" என்றார். "அவரு சொன்னா சரியா இருக்குமுங்க. நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸுங்க" என்றார் பெரியவர். நானும் சிரித்தேன். அடுத்த முறை அந்தக் கூண்டில் நானே ஏறினேன்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கமாக உள்ளே போக வேண்டும். மானாவாரிதான், மக்காச்சோளம், பருத்தி. போர்க்கிணறு வைத்திருக்கிறவர்கள் சின்ன வெங்காயம் போடுவார்கள். அந்த வருஷம் டிரான்ஸ்பார்மர் எரிந்து, நாயாய் அலைந்து, இருபது நாள் கழித்து ஒன்று வந்தது. வந்து பத்தே நாளில் மின்வாரியக்காரர்கள் அதைக் கழற்ற லாரியோடு வந்தார்கள். வேறு ஊருக்கு அவசரமாம். வெங்காயம் பாதி வளர்த்தியில் நிற்கிறது. பெண்களும் ஆண்களுமாகப் போய் டிரான்ஸ்பார்மர் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். யார் மேலும் யாரும் கை வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம், லாரி திரும்பிப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பே பேச்சு காதில் விழுந்து, டிரான்ஸ்பார்மரை எடுக்க வேண்டாம் என்று ஊரே கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருந்தோம். அதை எழுதியது நான். அப்போதுதான் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, அரசு வேலைக்கான பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதியவள் என்பதால் முதல் கையெழுத்தும் நானே போட்டேன். எனக்குக் கீழே என் அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர். மொத்த வரிசையில் ஏழாவது, எங்கள் தெருப் பையன் ஒருவனுடையது. அவன் கத்தாரில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா, "எம்புள்ள பேரும் இருக்கட்டும், அவனுக்கும் வெங்காயம் நிக்கிதுல்ல" என்று சொல்லி அவன் பெயரைத் தானே கோணல் கோணலாக எழுதினாள். எங்கள் ஊரில் மனு என்றால் அப்படித்தான். ஊரில் இல்லாதவனை விட்டுவிட்டுப் பெயர் எழுதினால் அந்த வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கேஸ் போட்டபோது யார் உட்கார்ந்தார்கள் என்று யாரும் வந்து பார்க்கவில்லை. மனுவை முன்னால் வைத்துக்கொண்டு, கையெழுத்து இருந்த வரிசையிலேயே பெயர்களை இறக்கிவிட்டார்கள். நான் முதல் எதிரி. கோர்ட்டு பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். கத்தாரில் இருந்தவன் ஏழாவது எதிரி. கம்பத்தடியில் உட்கார்ந்து ஊழியர்களை மிரட்டினானாம். கம்பத்தடியில் நிஜமாகவே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா, மனு எழுதிய அன்று ஆடு மேய்க்கப் போயிருந்ததால், கேஸில் இல்லை.

அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. கத்தார்க்காரன் போக மீதிப் பதினோரு பேரும் மாதம் ஒரு நாள் பெரம்பலூர் வந்து மரத்தடியில் நிற்போம். பெயர் கூப்பிடுவார்கள், "ஆஜர்" என்போம், அடுத்த தேதி சொல்லுவார்கள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. எல்லாரும் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

ஒருநாள் குமாஸ்தா நாலாவது விரலை மடக்கினார். "எல்லாரும் ஒத்துக்கிட்டா இன்னியோட முடிஞ்சுது. ஒருத்தரு மாட்டேன்னாலும் கேஸு நடந்துகிட்டேதான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, கத்தார்ல இருக்கறவன் எப்படிண்ணே கம்பத்துக்கிட்ட உக்காந்திருப்பான்? அவன் பாஸ்போர்ட் ஒண்ணக் காட்டுனாலே போட்ட கேஸு பொய்யின்னு ஆயிடுமே" என்றேன்.

"ஆவும் பாப்பா. நல்லாவே ஆவும்" என்றார். மறுக்கவே இல்லை. "ஆனா அதுக்கு சாட்சி வரணும், கேள்வி கேக்கணும், ஆபீசரு வரணும். இன்னம் ரெண்டு வருசம். இங்க பாரு, உங்கம்மா நிக்கிற நெலைய. மக்காச்சோளம் அறுப்புக்கு நிக்கிது. இன்னிக்கு அஞ்சம்பதுக்கு உங்க பஸ்ஸு."

"நான் பரீட்சை எழுதறேண்ணே. நாளைக்கு வேலை வந்தா இது இடிக்காதா?"

"எது இடிக்கும்? ஜெயிலுக்கா போற? உக்காந்து எந்திரிச்சதுதான்."

நான் முடியாது என்றுதான் நின்றேன். பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். என் அம்மாதான் கிட்டே வந்து, "ஒன்னால எல்லாரும் அலையணுமாடி? மனு எழுதி மாட்டி உட்டதே நீதான்னு பேசிக்கிறாங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

கூண்டில் ஏறியபோது நீதிபதி அம்மா ஒவ்வொருவரிடமும் ஒழுங்காகத்தான் கேட்டார். என்னிடம் வந்தபோது, "படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. யாரும் சொல்லிக்குடுத்து சொல்றியா?" என்றும் கேட்டார். அந்த இடத்தில் எனக்கு ஒரு வாசல் திறந்தது. குமாஸ்தா கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைங்கம்மா, நானாத்தான் சொல்றேன்" என்றேன். அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறைத்தண்டனையும் என்று தீர்ப்புச் சொன்னார். சிறை என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் குமாஸ்தா அதற்கு வேறு பெயர் வைத்து என்னைப் பழக்கியிருந்தார்.

மதியம் பதினோரு பேருக்கும் புளிசாதம் பொட்டலம் வாங்கிவந்தார், அவர் காசில். அப்பளம் நொறுங்கிவிட்டது என்று வருத்தப்பட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், மின்விசிறி ஓடியது, யார் யார் கேஸோ நடந்தது. ஐந்தரைக்கு நீதிபதி எழுந்தார், நாங்களும் எழுந்தோம். ஐந்து ஐம்பதுக்கு பஸ். ஜன்னலுக்குக் கீழே நின்று, "பாத்துப் போங்க" என்று கையசைத்தார். அன்றைக்கு அவரைப் போல நல்ல மனிதர் உண்டா என்று எங்கள் ஊரே பேசிக்கொண்டு போனது. நானும் சேர்ந்துதான் பேசினேன்.

அடுத்த வருஷம் பரீட்சையில் தேறினேன். இளநிலை உதவியாளர் வேலை, அரியலூரில். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். சான்றிதழோடு ஒரு படிவம் பூர்த்தி செய்யச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தப் படிவத்தோடு பெரம்பலூர் ஓடினேன். கோர்ட்டில் அவர் இல்லை, கிளம்பிவிட்டார் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அவருடைய ஊர் அரியலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஆறு ஐந்து பஸ்ஸை விட்டால் அடுத்தது மறுநாள் காலையில்தான். படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தண்டன என்ன தண்டன? நீ என்ன ஜெயிலுக்கா போன? இல்லைன்னு போடு" என்றார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கண்ணே. வாழ்க்கைண்ணே."

"எத்தன வருசமா பாக்கறேன். உக்காந்து எந்திரிச்சத எல்லாம் எழுதுவாங்களா? இல்லைன்னு போடு பாப்பா."

கண்டக்டர் விசில் அடித்தார், அவர் ஏறிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் பலகை மேல் வைத்து, "உண்டு" என்பதை அடித்து, "இல்லை" என்பதை வைத்துக்கொண்டேன். கணக்கில் பட்டம் வாங்கியவள்தான், எனக்கு எங்கே போனது புத்தி என்று கேட்கலாம். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரியலூர் ஆபீஸில் ஐந்து மாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு மேஜை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. பெண்களெல்லாம் சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். ஐந்தாவது மாதம் போலீஸ் விசாரணை அறிக்கை வந்தது. பிறகு ஒரு குறிப்பாணை. அதற்கு நான் எழுதிய விளக்கம் மூன்று பக்கம். டிரான்ஸ்பார்மர், வெங்காயம், கத்தார், எல்லாம் எழுதினேன். பதில் நாலு வரிதான் வந்தது. தண்டனை பெற்றதை மறைத்ததால் நியமனம் ரத்து. மேலதிகாரி நல்லவர், "உண்டுன்னு எழுதியிருந்தாக்கூட போராட்ட கேஸுதானேன்னு பேசிப் பாத்திருக்கலாம்மா. மறைச்சிட்டியே" என்றார். நான் எதையும் மறைக்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எனக்குத் தண்டனை கிடைத்ததே எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

நேராகக் குமாஸ்தாவிடம் போய்த் தாளைப் போட்டேன். படித்தார், திரும்பவும் படித்தார். பழைய கட்டுகளைத் தேடி எங்கள் கேஸ் கட்டை எடுத்து வந்தார். மேலட்டையைத் தடவிப் பார்த்து என் பக்கம் திருப்பினார். பென்சிலில் 5.50 என்று இருந்தது. "பாரு, அன்னிக்கே போயிட்டீங்களேம்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் எதற்காக நான் வந்து நிற்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பெரிய வக்கீலிடம் கூட்டிப்போனார். "தானா ஒத்துக்கிட்ட கேஸுல மேல போயி என்னம்மா பண்றது?" என்றார் பெரிய வக்கீல்.

கோர்ட்டுக்கு எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைக்க எனக்கு இடம் பிடித்துத் தந்ததும் இதே குமாஸ்தாதான். கட்டடக்காரரிடம் இரண்டு நாள் நடையாய் நடந்து பேசினார். வருகிறவர்களை எல்லாம் என் கடைக்கே அனுப்பினார். அவர்கள் கொண்டுவரும் மனுக்களில் பாதி, கேஸை இன்றே எடுத்துக்கொள்ளும்படியும், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற முகமாகத் தெரிந்தால், "எதுக்கு ஒத்துக்கிறீங்க, நடத்துங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் டைப் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படி நாலு வருஷம் போன பிறகு, கத்தார்க்காரன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தான். ஆஜராகாதவன் என்று அவன் கேஸை மட்டும் அன்றே தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அவன் மேல் இருந்த வாரண்டை ரத்து செய்ய வைத்துவிட்டு, குமாஸ்தா அதை நடத்தினார். கேஸ் கொடுத்த ஆபீசர் ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டார், வரவே இல்லை. இரண்டாவது சாட்சி வந்து, இந்த ஆளைப் பார்த்த ஞாபகம் இல்லை என்றார். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டும் அவசியமே வரவில்லை. விடுதலை.

அன்று சாயங்காலம் அவர் என் கடைக்கு வந்தார். கண் ஆபரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்கியது. கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

"உங்கூரு ஏழாம் நம்பரு பையன் கேஸு முடிஞ்சிடுச்சும்மா. விடுதல. அவங்கம்மா வாங்கிக் குடுத்தாங்க. ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன்."

சந்தோஷமாகச் சொன்னார். உள்குத்து ஒன்றும் கிடையாது, அந்த மனுஷனுக்கு அது தெரியாது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"வராதவனுக்கு விடுதலை. மாசாமாசம் வந்து ஆஜர் சொன்ன எங்களுக்கு தண்டனையா?" என்றேன்.

"அதுக்கு என்னம்மா பண்றது..."

"அவனுக்கு நடத்துன மாதிரி எனக்கும் நடத்தியிருக்கலாம்ல? ஏன் நடத்தல? எனக்கு இன்னிக்கு பதில் சொல்லுங்க."

அவர் உண்மையிலேயே யோசித்தார். ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "அவன் ஃப்ளைட்டுல வந்தவன். எப்ப வேணா போவான், அவனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க பதினோரு பேரு. சாயங்காலம் பஸ்ஸு இருந்துச்சே பாப்பா" என்றார்.

நான் பொட்டலத்தை வாங்கி மேஜை மேல் வைத்தேன். அவர் மற்றக் கண்ணால் சுவர்க் கடிகாரத்தைத் துழாவிவிட்டு, "சரியாத் தெரிய மாட்டேங்குது. மணி என்னம்மா ஆவுது?" என்றார்.

ஐந்து ஐம்பத்தைந்து. அப்போதே நடையைக் கட்டினால்தான் அவருக்கு ஆறு ஐந்து கிடைக்கும்.

"அஞ்சரைதான் ஆவுது. உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்றேன்.

உட்கார்ந்தார். டீ வந்தது, ஊதி ஊதிக் குடித்தார். கத்தார்க்காரனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னார். நான் ஜாங்கிரியைத் தின்றேன். ஆறு பத்துக்கு, "இப்ப கெளம்புனா சரியா இருக்கும்" என்று அனுப்பிவைத்தேன். வாழ்க்கையில் ஒரு பஸ்ஸை விடாத மனுஷன். ஒருநாளாவது உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். வயசானவர், கண் ஆபரேஷன் ஆனவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே வந்து நின்றார். அதே சட்டை, கசங்கியிருந்தது. பச்சைத் துணியில் தூசி.

"நேத்து பஸ்ஸு போயிடுச்சும்மா" என்றார்.

"ஐயோ. அப்புறம்?" என்றேன்.

"ரோட்டுலேர்ந்து நடக்க இந்த முட்டி ஒத்துக்காது. வண்டில கூட்டிப் போக ஆளு யாரும் வரல. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே விடிய விடிய உக்காந்திருந்தேன். கொசுதான் கொஞ்சம்."

அவர் முகத்தையே பார்த்தேன். கோபம் இருக்கிறதா, சந்தேகம் இருக்கிறதா, வலியாவது இருக்கிறதா என்று தேடினேன். என்ன தண்டனை அனுபவித்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைப் படியில் கால் வைத்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, அவர் சாதாரணமாகச் சிரித்தார்.

"என்ன இப்ப. உக்காந்து எந்திரிச்சதுதான்."

அப்போதுதான் தெரிந்தது, அந்த மனுஷன் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வேலை போன அன்று நான் அழவில்லை. அவர் கோர்ட்டுக்குள் போன பிறகு கடைக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அழுதேன்.